ஒட்டுக்குக் கீழே

லொரெட்டா: ஏய், நில்லு நில்லு... அங்கேயா வெட்டுவாங்க?

வெர்ன்: பின்ன எங்க?

லொரெட்டா: ஒட்டுக்கு மேல வெட்டணும், ரெண்டு செடியச் சேர்த்து ஒட்டின அந்த முடிச்சுக்கு மேல. நீ கத்திரிய ஒட்டுக்குக் கீழ வச்சிருக்க. அப்புறம் ரோஜா எங்கேருந்து துளிர்க்கும்?

வெர்ன்: இந்த ஓஹையோ குளிர்ல கை விறைச்சுப் போச்சு. நீ காபிக் கோப்பையோட நின்னு அதிகாரம் பண்ற.

லொரெட்டா: என் தோட்டம். பண்ணுவேன்.

வெர்ன்: ஆப்பிள் மரத்தைக் கவாத்துப் பண்ணியாச்சு. புல்வெட்டி பிளேடு தீட்டியாச்சு. மக்கின இலைய எல்லாம் வாரியாச்சு. அதெல்லாம் கண்ணுல படாதே!

லொரெட்டா: அதெல்லாம் அழகாத்தான் செய்யற. ரோஜாகிட்ட வந்தா மட்டும் கொலகாரனா ஆயிடற.

வெர்ன்: நம்ம விவாகரத்து அன்னைக்கே சொன்னேன், வருஷா வருஷம் பிப்ரவரி கடைசியில வந்து தோட்ட வேலைய முடிச்சுத் தரேன்னு. ஒன்பது வருஷத்துல ஒரு தடவ தவறினேனா?

லொரெட்டா: தவறல. அதான் பிரச்சினையே... அடுத்த வருஷத்துக்கு ஆள் பாத்துட்டேன்.

வெர்ன்: ஆளா? எந்த ஆளு?

லொரெட்டா: தோட்ட வேலைக்கு ஆளு. உனக்கென்ன பதட்டம்?

வெர்ன்: பதட்டமா, எனக்கா? அவன் மிஷினை வச்சு மொட்டையடிச்சுட்டுப் போவான், பாத்துக்க.

லொரெட்டா: நீ வெட்டின செடி ஒண்ணாவது பிழைச்சிருக்கா? ஏப்ரல்ல அத்தனையும் பட்டுப்போகும். நான் நர்சரிக்கு ஓடி புதுசு வாங்கி நட்டு, பழசுதான் துளிர்த்துச்சுன்னு உன்கிட்ட...

வெர்ன்: தெரியும்.

லொரெட்டா: என்ன தெரியும்?

வெர்ன்: நான் வெட்டினது சிவப்பு. ஜூன்ல இந்தப் பக்கமா வந்தப்போ மஞ்சளா பூத்திருந்துச்சு.

லொரெட்டா: அடப்பாவி! வாயத் தொறக்கலையே நீ?

வெர்ன்: நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்ற... கெடுப்பானேன்?

லொரெட்டா: தெரிஞ்சும் மறுபடி மறுபடி கீழயே...

வெர்ன்: எனக்கு ரோஜா வெட்ட வராது. அவ்வளவுதான்.

லொரெட்டா: ஓ! அப்போ சனிக்கிழமை நூலகத்துல ரோஜா வளர்க்க வகுப்பு எடுக்கறது யாரு?

வெர்ன்: யாரு சொன்னா?

லொரெட்டா: நம்ம தபால்காரம்மா. நாலு வருஷமா உன் மாணவி, சேர்ந்த அன்னைக்கே வந்து சொல்லிட்டா. அவ வீட்டுல ஒரு செடிகூடச் சாகலையாம்.

வெர்ன்: சரி... ஒழுங்கா வெட்டினா நீ ஜன்னல் வழியா பாத்துட்டு உள்ளேயே இருந்துடுவ. தப்பா வெட்டினாத்தான் வெளிய வந்து திட்டுவ.

லொரெட்டா: திட்டு வாங்கவா இத்தனை கூத்து?

வெர்ன்: இரு, இரு. நாலு வருஷமா தெரியும்கிற. அப்புறமும் ஏன் செடி வாங்கி வாங்கி நட்ட? அந்த ஆளை அப்பவே வச்சிருக்கலாமே?

லொரெட்டா: ஆளுமில்ல, ஒண்ணுமில்ல. செடி நடலேன்னா... நீ எதை வெட்டறேன்னு வருவ?