மதினி பிடித்த பிரேக்

ராஜபாளையத்தில் நான் ஏறிய ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த பெரிய அக்காவிடம் சொன்னாள்:

“போன மாசம் எங்க மதினி வண்டி பிரேக்க அமுக்கிப் பிடிச்சாக. அதாலதான் நேத்து நானும் எம்மவளும் பொழச்சோம்.”

“ஏட்டி, என்ன சொல்லுத? உன் வீட்டுக்காரரோட அக்காவா?”

“ஆமாக்கா. மாமனார் ஓட்டுன பழைய பைக்கத்தான் நான் ஓட்டுதேன். முன் பிரேக்கு மெத்துன்னு அமுங்கும், வண்டி நிக்காது. எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்து போன்ல பாத்துச் சொல்லச் சொல்ல, நானும் மதினியும் கழத்தி ரப்பர் சீலெல்லாம் புதுசு போட்டோம். பொறவு ஆயில் குழாய்க்குள்ள நிக்கிற காத்த எடுக்கணும், இல்லன்னா பிரேக்கு பிடிக்காது. மதினி பிரேக்க அமுக்கிப் பிடிப்பாக. நான் கீழ நட்டத் தொறந்து, கொஞ்சம் ஆயில வெளிய விட்டு மூடுவேன்.”

“எம்புட்டு நேரம்?”

“ஒரு மணி நேரம். போதும் மதினின்னேன். ‘இன்னும் குமிழு வருது, தொற’ன்னு விடவே இல்ல. எனக்குக் கோவம், அன்னைக்கு முகங்குடுத்தே பேசல. நேத்து சேத்தூர்ல டிராக்டர் சடார்னு குறுக்க திரும்பிட்டு. அமுக்குனேன். ஒரு சாண் இருக்கையில வண்டி நின்னுட்டுக்கா.”

“மதினிட்ட சொன்னியா?”

“சொல்லத்தான் அவிய வீட்டுக்குப் போறேன். ஏன் அம்புட்டு வேகமாப் போனன்னு திட்டுவாக.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

“திட்டட்டும்க்கா. திட்டு வாங்க நான் இருக்கேன்ல.”