டாக்டர் கதையில செத்தவங்க

...அதைத்தான் சொல்றேன் தம்பி, ஒரு டாக்டர் வீட்டுல நோயாளிக்கு இவ்ளோ பஞ்சம் வரலாமா? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். தொண்டை வலிதானே? நீங்க பேசாதீங்க, நானே பேசிக்கறேன். எதிர் மாடிக்குப் புதுசா குடி வந்தவர்தானே? நல்லவேளை! இந்த வாரமும் யாரும் வரலைன்னா கிளினிக்கையே மூடிடறேன்னுட்டாரு என் வீட்டுக்காரர். மூடிட்டு? முழுநேரமும் நாவல் எழுதுவாராம்! பொழுதன்னைக்கும் வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டா யாரு தாங்கறது?

எப்படி இருந்த கிளினிக்! நிக்க எடம் இருக்காது. கைராசிக்காரருன்னு பேரு. ஒரு நோயாளி போயி அடுத்தவர் வர்றதுக்குள்ள, மருந்துக் கம்பெனிக்காரங்க குடுத்த நோட்பேடுல என்னமோ கிறுக்குவாரு. மருந்துச் சீட்டுன்னுதான் நெனச்சேன். பாத்தா நாவல்! அச்சாச்சு, பரிசு வந்துச்சு... அன்னிக்குப் புடிச்சது சனி.

கூத்தக் கேளுங்க. கதையில பேர மாத்தினாரு, தொழில மாத்தினாரு... நோய மாத்தல! தெருமுனைத் தையல்காரர் கழுத்துல சும்மா ஒரு கொழுப்புக் கட்டி. ஒண்ணும் பண்ணாது. கதையில அவரு தச்சர். அதே எடம், அதே கட்டி, பாதிப் புஸ்தகத்துல ஆளு காலி! தையல்காரர் புஸ்தகத்தோட ஓடி வந்து, "எங்கிட்ட மறச்சிட்டு ஊருக்கே சொல்லிட்டீங்களே டாக்டர்"னு ஒரே அழுகை. இவரு சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? "விறுவிறுப்புக்காகத்தான்யா கொன்னேன்"!

அப்புறம் யாரு வருவா? அடுத்த நாவல் வந்ததும் எல்லாரும் கடைசிப் பக்கத்தத்தான் மொதல்ல பாத்தாங்க, தன் வியாதிக்காரன் பொழச்சானான்னு. பேங்க் மேனேஜரோட மூட்டுவலி பொழச்சிடுச்சு. அவரு மட்டும் பழக்கூடையோட வந்தாரு.

சரி, வர்றவங்களையாவது ஒழுங்கா பாக்கறாரா? "இருமல் எத்தன நாளா"ன்னு கேக்கறதில்ல தம்பி. "அதுக்கு மருமக என்ன சொன்னா? நீங்க என்ன சொன்னீங்க?"... இருமல் அப்படியே கெடக்குது, கதை ஓடுது!

நீங்க பயப்படாதீங்க. டார்ச் அடிச்சு தொண்டையப் பாப்பாரு, அவ்ளோதான். சொந்தக் கதை மட்டும் சொல்லிடாதீங்க. ஏன் தனியா குடி வந்தீங்கன்னு கேப்பாரு, மூச்சு விடக்கூடாது. இப்ப எழுதற கதைக்கு ஒரு ஆளு வேணும்னு பொலம்பிட்டிருக்காரு... மாடியில தனியா இருக்கறவனாம், பாதியில போய்ச் சேரணுமாம்... ஐயோ, பேச்சுக்குச் சொன்னேன்! ஏன் எழுந்துட்டீங்க? வெந்நீர் குடிச்சா சரியாயிடுமா? யாரு சொன்னா? தம்பி! ஒரு நிமிஷம், இதோ கூப்பிடறேன்...

ஏங்க! சீக்கிரம் வாங்க, பேஷன்ட் வந்திருக்... வந்திருந்தாரு. போயிட்டாரு. நானா? நான் என்ன சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலையே!

சரி சரி, பேனாவக் கீழ வைக்காதீங்க. தனி ஆளுங்க. இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன். நான் பேசப் பேச வீட்டுச் சாவிய உள்ளங்கையில வச்சு திருப்பிக்கிட்டே இருந்தாரு... எழுதிக்கிட்டீங்களா?

ஆனா ஒண்ணு, இவரக் கொன்னுடாதீங்க. தொண்டை சரியாகலைன்னா திரும்பி வந்தாலும் வருவாரு.