கடை மேலாளரை நான் அடைத்து வைக்கவில்லை

என் பெயர் கிளெண்டா ஆக்ராய்ட். வயது எழுபத்து மூன்று. கணவர் பெயர் நெவில் ஆக்ராய்ட். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காசில்ஃபோர்ட், ஹாலி டெரஸ், பதினோராம் இலக்க வீட்டில் கணவருடன் வசித்து வருகிறேன். கடந்த வெள்ளிக்கிழமை கடைவீதியில் உள்ள டிவி, இணைய இணைப்புக் கடையில் நடந்ததைப் பற்றிப் போலீஸ் விசாரித்ததில் இதைச் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. பிஸ்கட் கொடுத்தார்கள், அதையும் நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

என் கணவர் நெவில் இந்த ஊரில் பஸ் ஓட்டியவர். போன வருடம் குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. அதன் பிறகு ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தைகள்தான் மிச்சம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் ரக்பி ஆட்டம் வந்தால் மட்டும் ஒரு முழு வாக்கியம் தங்குதடையில்லாமல் வரும். அது நடுவரைத் திட்டுவது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, அது வெறும் பழக்கத்தில் வருவது என்றும், டிவி இல்லாத இடத்தில் புதிதாக ஒரு வாக்கியம் வந்தால்தான் பேச்சுக்கு வழி திறந்ததாக அர்த்தம் என்றும், அதுவரை ரக்பியை நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது எனக்குப் பெரிய குறை.

ரக்பி வருகிற சேனலுக்காக மேற்படி கடையை நடத்தும் கம்பெனியிடம் டிவியும் இணையமும் சேர்த்து இரண்டு வருட ஒப்பந்தம் போட்டிருந்தேன். போடும்போது விலை அசையாது என்று சொன்னார்கள். பாதிகூட முடியவில்லை, அதற்குள் விலையை ஏற்றியிருப்பதாகவும், சம்மதம் இல்லாதவர்கள் ஒரு மாதத்துக்குள் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்றும் தகவல் வந்தது. புது விலையைக் கொடுப்பதானால் வீட்டில் ஹீட்டரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரக்பியை விட வேண்டும். நெவிலுக்கு இரண்டும் வேண்டும்.

எனவே பழைய விலையே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்துக் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் தேன் ஒழுகப் பேசினான்.

"புரியுதும்மா, எங்களுக்கும் வருத்தந்தான். அப்ப நீங்க எங்கள விட்டுட்டுப் போறீங்களா?"

"ஐயய்யோ, அதெல்லாம் இல்லப்பா. ஒன்னத் தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டேன். அது எங்கள் ஊர்ப் பழக்கம். காலை யாராவது மிதித்தாலும் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். போனை வைக்கும்போது நான் ஒரு சினிமா சேனலுக்கும் சேர்த்துச் சரி சொல்லியிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பக்கத்து வீட்டு பாலீன் ரட்டரிடம் இதைச் சொன்னேன். அவள் முழங்கால் தேய்ந்து, நடக்க முடியாதவர்களுக்கான மின்சார ஸ்கூட்டரில் போய் வருகிறவள், நாக்கு மட்டும் தேயவில்லை. "திருடன் வந்தா நீ டீ போட்டுக் குடுத்து, மூட்டையத் தூக்கிவிடவும் கை குடுப்படி. முகத்துக்கு நேரா கேட்டாத்தான் நடக்கும், கடைக்கு வா" என்றாள். அவளுக்கும் விலை ஏறியிருந்தது. கெடு முடிகிற கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை, நெவிலை எதிர்வீட்டு கிளைவ் பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் போனோம். கடை இன்னும் திறக்கவில்லை. கதவருகே நான் நின்றேன், எனக்குப் பின்னால் பாலீன் ஸ்கூட்டரில் இருந்தாள்.

அதன் பிறகு அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருவர் நின்றனர். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. வரிசையைக் கண்டால் நிற்பதும், எதற்கு என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைப்பதும் இங்கே பிறந்த எல்லோருக்கும் உள்ளதுதான். பக்கத்துப் பன்றிக்கறிக் கடையில் சூடாக சாண்ட்விச் போடுவதாக நினைத்து நின்றவர்கள் பாதிப்பேர். விஷயம் தெரிந்த பிறகும் ஒருவரும் கலையவில்லை. விசாரித்தால் ஆளுக்கு ஆள் ஏதோ ஒரு கம்பெனி விலையை ஏற்றித்தான் இருந்தது. கடை திறக்கும்போது வரிசை மார்க்கெட் வரை போயிருந்தது.

கடை மேலாளர் டேரன் லம் வந்து, கூட்டத்தைப் பார்த்து வெளிறிப்போய், கதவைத் திறந்து என்னை மட்டும் உள்ளே விட்டார். மழை பிடித்துக்கொண்டதால் பாலீன் ஸ்கூட்டரைக் கதவோடு ஒட்டி நிறுத்தினாள். கதவை மறித்தது என்று புகாரில் உள்ளது அந்த ஸ்கூட்டர்தான். யாரையும் உள்ளே வைத்துப் பூட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. தலை நனையக் கூடாது என்ற எண்ணம் இருந்தது, அன்றுதான் முடிக்குச் சுருள் போட்டிருந்தாள்.

விஷயத்தை லம்மிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "எனக்கு இணைப்பு விக்கத்தாம்மா அதிகாரம், விலக்கி விட அதிகாரம் இல்ல. அதுக்குப் போன்தான் பண்ணணும்" என்றார். போனில் என்னால் பேச முடியவில்லை என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து, தானே பேசுவதாகச் சொல்லிக் கடைப் போனிலிருந்து அழைத்தார். நாங்கள் அழைக்கும் அதே எண்தான். கம்பெனி ஆளுக்கென்று தனி வழி கிடையாதாம். எங்களுக்கு வரும் அதே பாட்டு அவருக்கும் வந்தது, அவருடைய அழைப்பு மிக முக்கியமானது என்று அவருக்கும் சொன்னார்கள்.

அதன் பிறகு இருவரும் காத்திருந்தோம். இடையில் தலைமை அலுவலகம் கடைக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறது. லைன் கிடைக்காததால் கண்காணிப்புக் கேமராவில் பார்த்திருக்கிறார்கள். கதவை மறித்து ஒரு வண்டி, வெளியே பெருங்கூட்டம், உள்ளே மேலாளர் நாற்காலியில், பக்கத்தில் நான். அவர் ஒரு தடவை எழுந்ததும், நான் தோளில் கை வைத்து அவரை உட்கார வைத்ததும் உண்மை. காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. வரிசையில் கைமாறிக் கைமாறி ஒரு சாண்ட்விச் வந்திருந்தது. "உட்காந்து தின்னுப்பா, போன நான் புடிச்சுக்கறேன்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

தலைமை அலுவலகம் புகார் கொடுத்து, கான்ஸ்டபிள் ஹெய்க் வந்தார். அவர் நேராகக் கதவுக்குப் போகப் பார்த்தபோது, வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, "ஏந்தம்பி, யூனிஃபார்ம் போட்டா வரிசை கெடயாதா?" என்று கேட்டதாகவும், அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடைசியில் போய் நின்றதாகவும் பாலீன் சொல்லித் தெரிந்துகொண்டேன். போலீஸ் உள்ளே வரத் தாமதமானதற்கு அதுதான் காரணம். அவர் வீட்டிலும் விலை ஏறியிருந்ததா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளவும்.

நான் சாப்பாட்டு நேரத்துக்கும் திரும்பாததால் நெவில் வாசலையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கிளைவ் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, முறைப்படி கான்ஸ்டபிளுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். போலீஸுக்கு வழிவிடாத அதே ஆட்கள், "நீங்க முன்னால போங்க, நீங்க முன்னால போங்க" என்று ஒருவர் சொல்லி அடுத்தவர் சொல்லி, நெவிலைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பாலீன் ஸ்கூட்டரைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டாள். அவர் வந்ததை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் பாட்டு நின்றது.

லம் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, விவரம் சொல்லிப் போனை என்னிடம் நகர்த்தினார். ஒப்பந்தம் போட்டவரே வாயால் சொல்ல வேண்டுமாம். பேசியவள் பெயர் மோரக்.

"என்ன வேணும் தங்கம்?"

"வெல கூடிருச்சு. அதான்."

"கூட்டலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கே தங்கம். புடிக்கலன்னா இன்னிக்குள்ள விலகிக்கலாம். விலகுறீங்களா?"

விலகுகிறேன் என்றால் அன்று சாயங்கால ஆட்டமே போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், அந்தப் பெண்ணின் மனம் நோகுமோ என்பது ஒரு பக்கம். "ஒங்களத் தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கம்மா" என்று ஆரம்பித்தேன்.

அப்போது கதவுப் பக்கமிருந்து, "ரெஃப்ரி, ஒனக்குக் கண்ணே தெரியாதா?" என்ற சத்தம் கேட்டது. பஸ் ஓட்டியவர் குரல், தெருவே திரும்பியது.

"யாரு அது?" என்றாள் மோரக்.

"எங்க வீட்டுக்காரரு. ஒங்களத்தான் சொல்றாருன்னு நெனக்கிறேன், மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

அதன் பிறகு இரண்டாவது சத்தம் கேட்டது.

"சொல்லித் தொலையேன், கிளெண்டா."

கடையில் விற்பனைக்கு வைத்திருந்த டிவிகள் எல்லாம் அணைந்துதான் இருந்தன. அதை முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன். முகம் சிவந்து, இடது கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவரிடம் நான் திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"விலகுறேன். மன்னிச்சுக்கம்மா, விலகுறேன்" என்று போனில் சொன்னேன்.

மோரக் எதையோ தட்டினாள். "இருங்க தங்கம். விலகுறவங்களுக்குன்னு எங்ககிட்ட வேற வெல ஒண்ணு இருக்கு. ஒப்பந்தம் முடியற வரைக்கும் பழைய வெலயே போட்டுடறேன், அந்த சினிமா சேனலையும் எடுத்துடறேன், சரியா?"

"இத்தன நேரம் அத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று பாலீன் வாசலிலிருந்து கேட்டாள்.

"நீங்க கேக்கணும் தங்கம்" என்றாள் மோரக்.

அதன் பிறகு லம், போனை வைத்தால் மறுபடி பாட்டு வந்துவிடும் என்று சொன்னதால், வைக்காமல் பாலீனிடம் கொடுத்தேன். அவள் முடித்துப் பின்னால் கொடுத்தாள். வேறு கம்பெனி இணைப்பு வைத்திருந்தவர்கள் ஒதுங்கி நின்று அடுத்தவருக்கு இடம் கொடுத்தார்கள். மோரக் முகம் சுளிக்கவில்லை, அவளைப் பாராட்டி எழுத வேண்டும். கான்ஸ்டபிள் ஹெய்க் முறை வந்து உள்ளே நுழைந்து, "சார், ஒங்கள அடச்சு வச்சிருக்காங்களா?" என்று கேட்டபோது, லம், "கொஞ்சம் இருங்க, எனக்கும் இந்தக் கம்பெனி இணைப்புதான், நான் கேட்டுட்டு வந்துடறேன்" என்றார். மேலாளரை யாரும் அடைத்து வைக்கவில்லை என்பதற்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கம்பெனியின் போன் பதிவில் ஓர் ஆண் குரல் அச்சுறுத்தும் வகையில் கத்தியதாகப் புகாரில் உள்ளது. அந்தக் குரல் என் கணவருடையது. அதற்கு வழக்கு என்றால் என் மேல் போட்டுக்கொள்ளவும். ஆனால் அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் ஒரு சொல் விடாமல், திருத்தாமல் எழுத வேண்டும் என்றும், இதில் ஒரு நகல் பேச்சுப் பயிற்சி டாக்டரம்மாவுக்குக் கொடுக்க எனக்கு வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்த உண்மை. இரண்டாவது வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதையும் கேட்டுவிட்டுக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) கிளெண்டா ஆக்ராய்ட்