கடலில் விழுந்த குண்டு

மதுரையில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் பெங்களூரில் இத்தாலிப் போர்க் கைதிகளைக் காவல் காக்கும் சிப்பாய். லீவில் வந்திருந்தார். கூட நின்ற மைத்துனனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“எங்க முகாம்ல ஒரு இத்தாலிக்காரன், போர்க்கப்பல் ஆளு, மாப்ள. கப்பல் முங்கிருச்சு. முக்குன இங்கிலீஷ்காரனே கயிறு போட்டு ஆளுகளத் தூக்கிருக்கான். அப்பப் பாத்து இவுக நாட்டு விமானமே வந்து குண்டு போட்டுருக்கு!”

“என்ன மச்சான் சொல்றீங்க! தண்ணியில கெடக்குறது சொந்த ஆளுகன்னு தெரியாதா?”

“மேல இருந்து என்னத்தத் தெரியும்? தூக்கிக்கிட்டிருந்த கப்பலும் பயந்து கெளம்பிருச்சு. இவன் ஏறிட்டான். இவன் தம்பி இன்னும் தண்ணியில.”

“கூடப் பொறந்தவனா?”

“ஆமா. இப்பவும் விமானச் சத்தம் கேட்டா வெளிய ஓடியாந்து, ‘போடாத, போடாத’ன்னு கையத் தூக்கிக் கத்துறான்.”

வரிசை நகர்ந்தது. மைத்துனன் நகரவில்லை.