மிஷினைத் தொட்டுக் கும்பிட்டவள்

ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண், பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் அவளுக்குத் தெரிந்த ஓர் அக்கா.

"மிஷினைத் தொட்டுக் கும்பிட்டேங்க்கா. ஃபெயில் போட்டுட்டாங்க."

"கும்பிட்டதுக்கா?"

"ஊசி மருந்து கம்பெனிக்காரங்க எங்க காலேஜ்லயே லேப் கட்டி ட்ரெயினிங் குடுக்கறாங்க இல்ல, அங்கதான். கிளவுஸ் போட்ட கையில மிஷினைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். மூஞ்சில இருக்கற கிருமி கிளவுஸ்ல ஒட்டிக்குமாம். என்கூடப் படிக்கற மேரி நெத்தியத் தொட்டு சிலுவை போட்டுக்கிட்டா, அவளும் ஃபெயில்."

"அப்ப வேலை?"

"நாளைக்கு மறுபடி டெஸ்ட் வெக்கறாங்க. பாஸானா அந்தக் கம்பெனியிலயே எடுத்துக்குவாங்க. எடுத்துக்குவாங்க்கா, மத்ததுல எல்லாம் நான்தான் ஃபர்ஸ்ட்."

"கும்பிடாம இருந்துருவியா நீ?"

"கும்பிடுவேன். மனசுக்குள்ள."

ரோட்டோர மாரியம்மன் கோயில் வந்தது. டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கையும் தானாக எழுந்தது. அந்தப் பெண் மட்டும் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள்.

"இங்கயுமாடி?"

"கைக்குப் பழகணும் இல்லக்கா."