மினிட்ஸில் ஏறாத பெயர்

— அதெல்லாம் அப்புறம் பேசலாம், பேச்சிராஜ் தம்பி. முதல்ல எழுது. கூட்டத்தில் இருந்தோர்: நரசிம்மன், நரசிம்மன் டிராவல்ஸ் உரிமையாளர். அவர் மனைவி அம்சவல்லி. கம்ப்யூட்டர் என்ஜினியர் பேச்சிராஜ், ஊர் தென்காசி. வேறு ஒருவரும் இல்லை.

— இதுக்கு எதுக்குய்யா மினிட்ஸ்? பழைய சாஃப்ட்வேரை மாத்தி, புதுசை எந்த ஃப்ரேம்வொர்க்ல, எந்த ரெடிமேட் சட்டகத்துல எழுதணும்னு முடிவு பண்ணணும். அம்புட்டுதான்.

— எங்க குடும்பத்துல எழுதாம எதையும் மாத்தினதில்ல.

— ஏங்க, நம்ம பஸ்ல வேலையாளுங்களை ஏத்தியனுப்புற கம்பெனிக்காரன் ஒண்ணாந்தேதி வரைக்கும்தான் டயம் குடுத்துக்கீறான். எந்த ஷிஃப்ட் ஆளு எந்த பஸ்ல ஏறுதுன்னு அவன் ஆபீஸ்ல குந்திக்கினே பாக்கணுமாம். இல்லாங்காட்டி நம்ம இருபத்திரெண்டு பஸ்ஸும் வேணாம்ன்றான்.

— தெரியும் அம்சா. தம்பி, நீ கொண்டாந்ததைச் சொல்லு.

— மூணு இருக்குய்யா. மொதல்ல ரியாக்ட். எல்லாரும் இதைத்தான் கேக்காவ.

— கூட எத்தனை பேர் வருவாங்க?

— ஆளெல்லாம் வராதுய்யா. துணைக்கு மத்தவங்க எழுதுன குட்டிப் புரோகிராம், பேக்கேஜ்னு ஒரு ஆயிரம் வரும்.

— ஒண்ணு உள்ள வந்தா ஆயிரம் உறவா. வேணாம். அடுத்தது.

— லாரவெல். பதினாலு, பதினஞ்சு வயசிருக்கும்.

— சின்னது. அடுத்தது.

— ஜாங்கோ. இருவது வயசு தாண்டிட்டு. ஒரு பத்திரிகை ஆபீஸ்ல பொறந்தது.

— கெட்ட பழக்கம்?

— சொல்லாம கொள்ளாம மாறாதுய்யா.

— ஏங்க, நம்ம மவ பூஜாவைப் பொண்ணு கேட்டு அந்தோணிராஜ் வந்தப்பயும் இதே கேள்விதான் கேட்டீங்க. வேணாம்னுட்டீங்க. அது போய் அவரையே கட்டிக்கினுச்சு.

— அந்த ரெண்டு பேரையும் மினிட்ஸ்ல எழுதாத தம்பி.

— எழுதலய்யா. ஆனா எதைப் போட்டாலும் பொறவு பாத்துக்கிட ஆள் வேணும். நான் மூணு மாசத்துல பெங்களூரு போயிருவேன்.

— எதுக்கு ஆளு? பழசு பதினோரு வருசமா ஒரு நாள் நின்னதில்ல. சுங்குவார்சத்திரம் ஸ்டாப்புல கேட்டுப் பாரு. தானா ஓடுது.

— நின்னிருக்குய்யா. போன பொங்கலுக்கு நின்னிருக்கு. அதுக்கு முந்துன ஆயுதபூசைக்கும் நின்னிருக்கு. ஒவ்வொரு வாட்டி சரி பண்ணும்போதும் புரோகிராம் உள்ளயே தேதி போட்டு ஒரு வரி எழுதியிருக்காவ. கீழ பேரும் இருக்கு.

— இன்னா பேரு?

— நீங்க எழுதக் கூடாதுன்னு சொன்ன பேருதான்.

— நான்தாங்க பண்ண வெச்சேன். நின்னா மவளுக்கு போன் பண்ணுவேன். காலேஜ் படிக்கிறப்போ இந்தப் பழைய புரோகிராமை அது எழுதுனதுதானே. வாலாஜாபாத்ல இருந்துக்கினே சரி பண்ணிக் குடுக்கும். நான் அது சொல்ற பட்டனைத் தட்டுறதோட சரி.

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— பொங்கலன்னிக்கு அடுப்படியில நின்னுக்கினு, போனை முந்தானையில மறைச்சிக்கினு, 'எண்டர் தட்டிட்டேன்டி'ன்ன. எண்டர் தட்டி யாரும் பொங்கல் வைக்கிறதில்ல.

— தெரிஞ்சும் ஏழு வருசமா அதுகிட்ட ஒரு வார்த்தை பேசல. ரேஷன் கார்டுல என் பேரை எடுத்துக் குடுங்க, புருசன் கார்டுல ஏத்திக்கிறேன்னு நாலு தபா சொல்லி அனுப்புச்சு. அந்தக் கையெழுத்தைக்கூடப் போடல நீங்க.

— கார்டு பேச்சு இங்க வேணாம். தம்பி, அவளுக்கு இந்த மூணுல எது தெரியும்?

— ஜாங்கோய்யா. அவங்ககிட்ட பேசிட்டுத்தான் வந்தேன்.

— எழுது. ஜாங்கோ தேர்வு செய்யப்பட்டது. பராமரிப்புப் பொறுப்பு பூஜா. திங்கள் காலை பத்து மணிக்கு மண்ணூர் ஆபீசுக்கு வர வேண்டியது.

— தனியாவா, வீட்டுக்காரரோடயா வரச் சொல்ல?

— நம்ம பஸ்ல ஒத்தை சீட்டு கிடையாது.

— ஏங்க, நாளைக்கே மண்ணூர் முழுக்கப் பேசும். நரசிம்மன் இறங்கி வந்துட்டாரு, மவளைத் திரும்ப வூட்ல சேத்துக்கினாருன்னு.

— அதையும் எழுது தம்பி. மகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லப்படுவது தவறு. குடும்ப அட்டையில் அவள் பெயரை யாரும் இதுவரை நீக்கவில்லை.