முப்பத்தெட்டு முதலாளிகள்

கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் டீயும் மசால்வடையும் நான்தான் சொன்னேன், இன்ஸ்பெக்டர் ஐயா. வெறும் வயிற்றோடு யாரும் முதலாளி ஆகக்கூடாது என்பது என் எண்ணம்.

என் பெயர் குஞ்சிதபாதம். கம்பெனிகளை மதிப்பிட்டு ஆலோசனை சொல்வது தொழில். நெய்வேலிச் சுரங்கத்துக்கு கன்வேயர் பெல்ட் ஒட்டித் தரும் சின்னப் பட்டறை ஒன்றை ஜாஸ்பர் நடத்திவந்தார். தொழிலாளர்கள் முப்பத்தெட்டுப் பேர். அவர்களுக்குக் கம்பெனியில் பங்கு கொடுத்தால் சரிவருமா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

பத்து நாள் பார்த்தேன். இந்த மாதிரித் திட்டத்துக்கு நிலையான லாபம் வேண்டும். விலகுகிறவரிடமிருந்து பங்கைத் திரும்ப வாங்க வசதி வேண்டும். தொழிலாளி சொன்னால் காது கொடுக்கிற முதலாளி வேண்டும். மூன்றும் இல்லை. இருந்தது பெல்ட் ஒட்ட ஆவி தரும் ஒரு பழைய பாய்லர், அதன் அடியில் ஒரு விரிசல். ஆறு மாதம் தாங்காது என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதினேன்.

ஜாஸ்பர் படித்துவிட்டு, "அப்ப பொருத்தமில்லைங்களா சார்?" என்றார்.

"உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டேன்.

சிரித்தார். இருவருமாக அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டோம். 'மிகவும் பொருத்தம்' என்று அறிக்கையை முடித்தேன்.

கிராஜுவிட்டியை விட்டுக்கொடுத்துப் பங்கு வாங்குவது என்று கூட்டத்தில் பேச்சு. பாய்லர் பார்க்கும் சந்தியாகு எழுந்தார். "சார், பாய்லர்ல ஆவி ஒழுவிக்கினே இருக்கு. பங்குதாரர் ஆயிட்டா அத நாங்க நிறுத்தலாங்களா?"

"தாராளமா. இனி நீங்கதானே முதலாளி" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கைதட்டவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார்.

நாலாவது மாதம், சொன்னபடியே சந்தியாகு பாய்லரை நிறுத்தினார். ஜாஸ்பர் அன்றைக்கு ஊரில் இல்லை. அவர் தேவைப்படவும் இல்லை. மற்ற முப்பத்தேழு முதலாளிகளும் சந்தியாகுவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆர்டர் போச்சுன்னா நம்ம பங்கு என்னாவறது?" என்று கத்தியவர் தனகோட்டி. போன வருஷம் கையுறை கேட்டுக் கொடி பிடித்தவர். அப்படிப்பட்ட பொறுப்புணர்ச்சியைச் சம்பளம் கொடுத்து வரவழைக்க முடியாது, ஐயா. சந்தியாகு மறுபடி பாய்லரை மூட்டினார். பதினொன்றரை மணிக்கு அது வெடித்தது. அவரும் தனகோட்டியும் அங்கேயே இறந்துபோனார்கள்.

சந்தியாகுவின் மனைவி மார்த்தாள் நஷ்டஈடு கேட்டு என்னிடம் வந்தார். உட்காரவைத்து, "முதலாளிக்கு யாரும்மா நஷ்டஈடு குடுப்பாங்க?" என்று பக்குவமாகச் சொன்னேன். சட்டப்படி அது பொய்.

"காக்கிச் சட்டையோடதான் சார் செத்தாரு" என்றார் அவர். "எந்த முதலாளி அப்படிச் செத்துருக்காரு?"

தண்ணீர் கொடுத்தேன். இனிமேல் எதுவும் கோரமாட்டேன் என்ற தாளில் கையெழுத்தும் வாங்கினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அது வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறைத்தேன். ஆனால் அதன் பக்கத்தில் போய் நில் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர்கள் தங்கள் சொத்தைப் பார்த்துக்கொள்ள அவர்களாகவே போய் நின்றார்கள்.